யன்னலுக்கு வெளியே ஒரு தட்டி

வீட்டுக் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் ஒஸ்லோவின் கிழக்குப் புறத் தொடர்மாடிகளில் 26 வருடமாக வக்த்மெஸ்தர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர் வேலை பார்ப்பவர்.)

போன இதழில் குளிர்காலச் சுவர்ப் பூஞ்சணம் பற்றி எழுதினேன். "கோடைக்கு என்ன எழுதப் போறியள், இங்கே கோடை எங்கே இருக்கு?" என்று ஒருவர் பகிடி விட்டிருந்தார். யூன் முடியவில்லை, அதே மனிதர் திரும்ப எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தோடு தொடங்குகிறேன்.

அண்ணை, நாங்கள் ஸ்தோவ்னரில் ஏழாம் மாடி. 1970களில் கட்டின கொங்கிறீற்றுக் கட்டடம். ஹோலும் ஒரு அறையும் மேற்குப் பக்கம். வெளியே 27 பாகை, உள்ளே 31. இரவு பதினொரு மணிக்கும் 29. தடித்த கறுப்புத் திரைச்சேலை வாங்கிப் போட்டு நாள் முழுக்க மூடித்தான் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்து வெக்கையில் வளர்ந்த ஆட்கள் ஒஸ்லோ வெக்கையில் அவிகிறோம் என்றால் ஊரில் சிரிக்க மாட்டார்களா? — ஸ்தோவ்னர் வாசகர்

சிரிக்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் வீட்டு மேற்குச் சுவரில் எத்தனை மணி மட்டும் வெயில் நிற்கிறது? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஆறு, ஆறரை மட்டில் சூரியன் அடங்கிவிடும். யூன் மாதத்து நடுப்பகல் வெயில் 76 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். தாழ்வாரமே அதை மறித்துவிடும். ஒஸ்லோவில் யூன் 21 அன்று சூரியன் மறைவது இரவு 10.43க்கு, அதுவும் வடமேற்கில். நடுப்பகலிலேயே 53 பாகைதான் ஏறும். மாலை ஆறு மணிக்கு நேர் மேற்கில் 30 பாகை, எட்டு மணிக்கு 15 பாகை. ஊரில் விளக்கேற்றி முடிந்த நேரத்தில் இங்கே வெயில் உங்கள் ஹோலின் பின்சுவர் வரை வந்து சோபாவில் குந்தியிருக்கும். மேல்மாடிப் பல்கனி மறைக்காதா என்று கேட்பீர்கள். ஒன்றரை மீற்றர் நீட்டி நிற்கிற பல்கனி, ஆறு மணி வெயிலில் தனக்குக் கீழே 90 சென்ரிமீற்றருக்குக்கூட நிழல் போடாது. எட்டு மணிக்கு அரை மீற்றரும் இல்லை.

இப்போது அந்த வெயிலை ஹீற்றர் கணக்கில் பார்ப்போம். மேகமில்லாத மாலையில் நேரே முகம் கொடுக்கிற யன்னலில் சதுர மீற்றருக்கு 700 வாட் அளவில் விழும். உங்கள் யன்னல் இரண்டு சதுர மீற்றர் என்று வையுங்கள். கண்ணாடி இரட்டையா மூன்றா என்பதைப் பொறுத்து அதில் பாதி முதல் முக்கால் பங்கு வரை உள்ளே வந்துவிடும். ஆக 800 வாட். யன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு பனல் ஹீற்றர் பூட்டியிருக்குமே, அதை யூலை மாதம் பின்னேரம் இரண்டு மணிக்குப் போட்டு இரவு ஒன்பதுக்கு நிற்பாட்டினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு யன்னலுக்கும் அப்படி ஒன்று ஓடுகிறது.

திரைச்சேலைதான் போட்டிருக்கிறோமே என்கிறீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் உங்கள் திரைச்சேலையில் படுகிறது. கறுப்புச் சீலை அதை அப்படியே குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. கையை அதன் பின்னால் விட்டுப் பாருங்கள், றேடியேட்டர் மாதிரிக் கொதிக்கும். கண்ணாடியை ஒட்டி வெள்ளைச் சீலையோ வெள்ளைப் பெர்ஷியென்னெயோ (பட்டைத் தகட்டுத் திரை) இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இதையே கண்ணாடிக்கு வெளியே தொங்க விட்டால் முக்கால் பங்குக்கு மேல் வெளியிலேயே நின்றுவிடும்.

எங்கள் அம்மம்மா வீட்டில் மேற்கு விறாந்தைக்குக் கிடுகுத் தட்டி இருந்தது. மூன்று மணிக்கு அவ அதை இறக்கி விடுவா. ஆறு மணிக்குச் சுருட்டிக் கட்டுவா. தட்டி தொங்கினது விறாந்தையின் வெளி விளிம்பில். வெயில் தட்டியைச் சுட்டது, தட்டிக்குப் பின்னால் காற்று போய் வந்தது, நாங்கள் உள்ளே தாயம் விளையாடினோம். அவ அதை அறைக்குள் கட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். கடல் தாண்டி வந்து நாங்கள் எல்லாரும் தட்டியை அறைக்குள் கட்டி வைத்திருக்கிறோம். நானும் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் கட்டியிருந்தேன்.

"முதல் நாள் தெரியவில்லை, நாலாம் நாள்தான் அவிஞ்சது" என்று கடிதத்தில் இன்னோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். அது சரியான கவனிப்பு. அறுபது சதுர மீற்றர் வீட்டின் கொங்கிறீற்றுத் தளம் 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 21 தொன்னுக்கு மேல் நிறை. அதை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 5 கிலோவாட் மணி வேண்டும். உங்கள் மேற்கு யன்னல்கள் ஒரு நல்ல வெயில் நாளில் 6, 8 கிலோவாட் மணி கொண்டு வந்து கொட்டுகின்றன. தளமும் சுவரும் முதல் நாள் அதைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் நீங்கள் அதை வெளியே எடுக்காவிட்டால் அடுத்த நாள் கணக்கு அந்த இடத்திலிருந்து தொடங்கும். 2018 யூலையில் ஒஸ்லோ 34 பாகையைத் தாண்டின கிழமை எனக்கு வந்த தொலைபேசிகள் எல்லாம் வெக்கை தொடங்கி நாலு, ஐந்து நாளுக்குப் பிறகு வந்தவைதான்.

செய்ய வேண்டியது: யன்னலுக்கு வெளியே கீழ்நோக்கி விழுகிற கையுள்ள மார்க்கீஸெ (துணி வெயில்மறைப்பு), அல்லது தண்டவாளத்தில் நேரே இறங்குகிற ஸ்க்ரீன் துணி. பல்கனிக்கு மேலே பூட்டுகிற, முன்னால் நீளுகிற பெரிய மார்க்கீஸெ தெற்குப் பக்கத்துக்கு நல்லது. மேற்கில் வெயில் அதற்குக் கீழால் நுழைந்துவிடும். அதுவரைக்கும் பல்கனி இருந்தால் மேல் தளத்துக் கொளுக்கியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையோ மூங்கில் சுருளையோ வெளி விளிம்பில் தொங்க விடுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். போன வருடம் ஐந்தாம் மாடியிலிருந்து பறந்த ஒரு பூப்போட்ட விரிப்பு ரொம்சோஸ் சுரங்க ரயில் வாசலில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தது நான்தான்.

யன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டலாமா? — ஃபூருசெத்

ஒட்டினால் வெயில் திரும்பிப் போகும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடியோடு இறுக ஒட்டினால் கண்ணாடியின் நடுப்பகுதி சூடாக, சட்டத்துக்குள் இருக்கிற விளிம்பு குளிராக நின்று, இழுபட்டு வெடிக்கலாம். இரட்டைக் கண்ணாடிக்கு இந்த ஆபத்து கூட. வெயில் தடுக்கிற பிலிம் ஒட்டுவதற்கும் இதே எச்சரிக்கைதான்: யன்னல் செய்தவர்களிடம் அந்தக் கண்ணாடிக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். பிலிமில் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. டிசெம்பரில் நடுப்பகல் சூரியன் ஏழு பாகைகூட ஏறாத ஊரில், வருகிற கொஞ்ச வெயிலையும் அது வருடம் முழுக்க வேண்டாம் என்று தள்ளிவிடும்.

ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்து நிற்கிறா. பகலில் எல்லா யன்னலையும் திறக்கிறா, இரவில் எல்லாவற்றையும் பூட்டுகிறா. பகலில் காத்து வரட்டுமாம். இரவுக் காத்து உடம்புக்குக் கூடாதாம், கள்ளனும் வருவானாம், நுளம்பும் வருமாம். வீடு அடுப்பு மாதிரி இருக்கு. அவவோடு சண்டை பிடிக்கவும் மனமில்லை. — அம்மெருத் வாசகி

தங்கச்சி, சண்டை வேண்டாம். அம்மா ஊர்க் கணக்குப்படி சரியாகத்தான் செய்கிறா. ஊரில் இரவுக்கும் பகலுக்கும் வெளியே பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பகலில் உடம்பில் காற்றுப் பட்டால் சுகம். இங்கே யூலையில் பகல் 28 என்றால் விடியப்புறம் 15, 16க்கு இறங்கும். பகலில் திறந்தால் 28 பாகைச் சூட்டை உள்ளே கூப்பிடுகிறீர்கள். இரவில் பூட்டினால் இலவசமாக வந்து வாசலில் நிற்கிற குளிரைத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

அரை மணித்தியாலம் திறந்து வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அறைக் காற்று அரை மணியில் மாறிவிடும், குளிரும். பூட்டி ஒரு மணிக்குள் பழைய வெக்கை திரும்ப வரும். மேலே சொன்ன தளத்தில் ஒரு பாகைக்கு 5 கிலோவாட் மணி சூடு நிற்கிறது. அதே வீட்டின் முழுக் காற்றிலும் நிற்பது அதில் நூற்றில் ஒரு பங்கு. நீங்கள் குளிர வைக்க வேண்டியது சுவரையும் தளத்தையும். அதற்கு முழு இரவு வேண்டும், காற்று சுவரைத் தடவிக்கொண்டு போகவும் வேண்டும்.

அதனால் ஒரு பக்க யன்னலையும் எதிர்ப் பக்க யன்னலையும் இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு மட்டும் திறந்து, நடு அறைக் கதவுகளுக்கு ஆப்பு வையுங்கள். இரவில் கதவு அடித்தால் முதலில் எழும்பிப் பூட்டுகிறவ அம்மாதான். அம்மாவின் அறை யன்னலை அவ விருப்பப்படி விடுங்கள், அறைக் கதவை மட்டும் ஒருக்களித்து வையுங்கள். ஹோலும் குசினியும் குளிர்ந்தாலே அவவின் அறையும் இரண்டு மூன்று நாளில் வழிக்கு வரும். கழுத்துக்கு ஒரு சால்வை கொடுங்கள். மாடிக்குக் கள்ளன் ஏற மாட்டான் என்று சொல்ல வேண்டாம், அவ நம்ப மாட்டா. யன்னலைப் பத்து சென்ரிமீற்றரில் நிற்பாட்டுகிற பூட்டைக் கையில் கொடுத்து அவவையே போடச் சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பூட்டு எப்படியும் வேண்டும்.

நுளம்பு விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம். நோர்வே யன்னல்களுக்கு வலை வைக்கிற பழக்கம் குறைவு. கடையில் வெட்டி ஒட்டுகிற வலை, ஒட்டுப்பட்டியோடு வாங்கலாம். யன்னல் உள்ளுக்குத் திறப்பதா வெளியே திறப்பதா என்று பார்த்து வாங்குங்கள். நான் முதல் தரம் வாங்கினது எங்கள் வீட்டு யன்னலைத் திறக்கவே விடவில்லை.

வெளிச்சமான இரவு இன்னொரு தொல்லை. இருட்டுக்காகச் சுருள் திரையை அடிவரை இறக்கினால் காற்று நின்றுவிடும், இல்லாவிட்டால் விடிய விடியத் துணி படபடக்கும். படுக்கிற அறையில் திரையை அடியில் ஒரு சாண் விட்டு இறக்குங்கள். கிழக்கு யன்னல் உள்ளவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: யூனில் காலை நாலு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நீங்கள் ஏழு மணிக்கு எழும்பும்போது கிழக்கு அறை மூன்று மணித்தியாலம் வெயில் குடித்திருக்கும். அந்தப் பக்கத்து வெளி நிழலைப் படுக்கப் போகும்போதே இறக்கிவிட வேண்டும்.

எப்போது பூட்டுவது? மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். இரண்டு வெப்பமானி வாங்குங்கள், ஒன்று உள்ளே, ஒன்று வடக்குப் பக்க நிழலில் வெளியே. வெளி எண் உள் எண்ணைத் தாண்டுகிற நேரம் பூட்டுங்கள், திரும்ப அதற்குக் கீழே இறங்கினதும் திறவுங்கள். அம்மாவிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் மாமி வந்து நின்ற வருடம் அவதான் எங்கள் வீட்டு வானிலை நிலையம். பிள்ளைகளுக்கு விரலால் எண்ணைக் காட்டிக் காட்டிப் பூட்டினா.

வயதானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, பகலில் அறை 32 பாகைக்குள்ளும் இரவில் 24க்குள்ளும். பிறஷருக்கும் நீர் போவதற்கும் குளிசை எடுக்கிறவர்கள் வெக்கைக் கிழமையில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாணவர் அறைக்கு ஒரே ஒரு யன்னல். எதிர்ப் பக்கம் படிக்கட்டுக் கதவுதான். அதற்குச் சப்பாத்தை அடை கொடுத்துத் திறந்து வைக்கிறேன், நல்ல காத்து வருது. பிழையா? — துரொண்ட்ஹெய்ம்

தம்பி, பிழை. அது நெருப்புக் கதவு. ஒரு வீட்டில் அடுப்பு பற்றினால் புகை படிக்கட்டுக்கு வராமல் நிற்கத்தான் அது தானாகச் சாத்துகிறது. உன் சப்பாத்து அந்தப் படிக்கட்டையே புகைக்கூண்டாக்கிவிடும். இப்படி வைத்த சப்பாத்துகளை நான் வருடத்துக்கு ஒரு பை நிறைய எடுத்திருக்கிறேன், சோடியாகக் கிடைப்பது அபூர்வம்.

ஒற்றை யன்னலிலும் காற்று ஓட வழி இருக்கிறது. சூடான காற்று மேலால் போகும், குளிர் கீழால் வரும். இரண்டுக்கும் இடம் வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் கட்டின நோர்வேக் கட்டடங்களில் நடுவில் அச்சு வைத்துச் சுழல்கிற யன்னல் இருக்கும். அதற்கு ஹுஸ்மூர்விண்டு, அதாவது குடும்பத்தலைவி யன்னல் என்று பெயர். வெளிக் கண்ணாடியையும் உள்ளே நின்றே துடைக்கலாம் என்பதால் வந்த பெயர். துடைக்கிறது குடும்பத்தலைவன் என்றால் பெயரை மாற்றுவார்களோ தெரியாது. அதைச் சுழற்றினால் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். புது யன்னலைவிட இரவுக் காற்றுக்கு அது நல்லது. சிலதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பெர்ஷியென்னெயும் இருக்கும். அறைக்குள் இருப்பதைவிடத் திறம், வெளியே இருப்பதைவிட மட்டம்.

உன் யன்னல் தலைப்பக்கம் மட்டும் சரிகிற மாதிரி என்றால் அந்த ஒடுக்கமான வாயால் அவ்வளவாக ஒன்றும் நடக்காது. இரவில் முழுதாகத் திற. மேசை விசிறியை யன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வை. அறைச் சூட்டை அது தள்ளிவிட, பக்கத்து இடைவெளியால் குளிர்க் காற்று உள்ளே வரும். பகலில் விசிறியை உன் பக்கம் திருப்பு. அது அறையைக் குளிர வைக்காது, உடம்புக்கு மட்டும்தான் சுகம் தரும். ஆள் இல்லாத அறையில் ஓடுகிற விசிறி ஒரு சின்ன ஹீற்றர்.

நாங்கள் மார்க்கீஸெ போட விண்ணப்பித்தோம், கட்டட நிருவாகம் மறுத்துவிட்டது. வெளித்தோற்றம் கெட்டுவிடுமாம். — பெயர் வேண்டாம்

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். நான் வேலை செய்த ஒரு கட்டடத்தில் 2018க்கு முன்பு மூன்று தரம் கேட்டு மூன்று தரம் "இல்லை" வாங்கினார்கள். அந்தக் கோடை நிருவாகத் தலைவரும் மேற்குப் பக்கத்தில் கிடந்து அவிந்தார். ஒக்ரோபரில் சம்மதம் வந்தது. வெயில் ஒரு நல்ல வழக்கறிஞர்.

கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில், இங்கே பொரெத்ஸ்லாக் என்கிறோம், வெளிச்சுவர் உங்களுடையது அல்ல, எல்லாருடையதும். அதனால் தனி ஆளாக "எனக்கு ஒன்று" என்று கேட்டால் "உங்களுக்குத் தந்தால் நூறு பேருக்கும் தர வேண்டும்" என்பார்கள். அதையே திருப்பிக் கேளுங்கள்: நூறு பேருக்கும் ஒரே நிறம், ஒரே துணி, ஒரே மாதிரியை ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும், விரும்புகிறவர்கள் தங்கள் காசில் போடட்டும். கூட்டம் வசந்தத்தில் வரும், யூன் முடிவதற்குள் வைத்தே ஆக வேண்டும். பிரேரணை கொடுக்க அதற்கு முன்பே ஒரு கடைசி நாள் அறிவிப்பார்கள், அந்த அறிவிப்பைத் தவற விடாதீர்கள். தமிழ் ஆட்கள் பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை என்று எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. வருகிற நாலு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வாக்கெடுப்புக்கு முன்பே போய்விடுகிறார்கள். விண்ணப்பத்தோடு ஒரு கிழமை வெப்பநிலைக் குறிப்பை வையுங்கள்: திகதி, நேரம், உள்ளே, வெளியே. ஒரு பக்கம் போதும். நிருவாகக் கூட்டத்தில் நான் பார்த்தவரை, எண் இருக்கிற கடிதத்தைத்தான் கடைசிவரை வாசிக்கிறார்கள்.

சம்மதம் வந்தால் பூட்டுகிற ஆளைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் பூட்ட வந்தவர் வெளிச் சுவரின் வெப்பத்தடுப்புப் பலகைக்குள்ளால் துளைத்துவிட்டு, துளையை அடைக்காமல் போய்விட்டார். இலையுதிர்கால மழை முழுக்க உள்ளே போய், மார்ச்சில் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். எந்தத் திருகாணி எங்கே, எதால் அடைத்தது என்று எழுத்தில் வாங்குங்கள். பலத்த காற்றென்றால் மார்க்கீஸெயைச் சுருட்ட வேண்டும். வீட்டில் ஆளில்லாத நேரம் கூட என்றால் காற்றை உணர்ந்து தானாகச் சுருளுகிற வகை வாங்குங்கள், காசு கூடத்தான்.

நகர்த்துகிற ஏசி ஒன்று வாங்கலாமா? குழாயை யன்னல் இடுக்கால் விட்டால் சரிதானே? — லோரென்ஸ்கூக்

ஒற்றைக் குழாய் ஏசி உங்கள் அறைக் காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்குப் பதிலாக வெளிக் காற்று எங்கேயோ ஒரு இடுக்கால் உள்ளே வந்தே ஆக வேண்டும். குழாய் நீட்டின அதே யன்னலால் முதலில் வரும். ஒரு கையால் இறைத்து மறுகையால் ஊற்றுகிற வேலை. யன்னலுக்கும் குழாய்க்கும் நடுவில் துணி மறைப்பு இறுக ஒட்டினால், ஒரு படுக்கை அறையை ஒப்பேற்றும். கைக்குழந்தையோ, படுக்கையில் நோயாளியோ இருந்தால் வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் அந்தக் காசை யன்னலுக்கு வெளியே போடலாம்.

யன்னல் சட்டத்தின் மேல் இருக்கிற சின்னக் காற்றுத் துவாரத்தால் குளிர் வருகிறது என்று ரேப் ஒட்டினோம். கோடையில் கழற்ற வேண்டுமா? — ரொம்சோஸ்

கழற்றுங்கள். குளிர்காலத்திலும் ஒட்ட வேண்டாம், போன இதழைத் திரும்ப வாசியுங்கள்.

யூலையில் மகளின் பூப்புனித நீராட்டு. மண்டபத்துக்கு முதல் நாள் வீட்டில் 25 பேர். சமையலும் வீட்டில்தான். வெக்கையைச் சமாளிக்க ஒரு வழி? — ஃபூருசெத் வாசகி

சும்மா இருக்கிற ஒரு ஆள் 100 வாட் சூடு விடுவார். 25 பேர் என்றால் இரண்டரை கிலோவாட். கதைக்கிற, சிரிக்கிற, புட்டு அவிக்கிற ஆட்கள் அதைவிடக் கூட. பெரிய அடுப்புத் தட்டு ஒன்று 1800 வாட், இரண்டு வைத்தால் கணக்கைப் பாருங்கள். அவிக்கிற சமையலை விடியப்புறம் யன்னல்கள் திறந்திருக்கிற நேரத்தில் முடியுங்கள். குசினிப் புகைபோக்கி விசிறியை முதலே போடுங்கள், சமைத்து முடிந்து அரை மணி வரை ஓட விடுங்கள். பழைய கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான காற்றுக் குழாய் என்றால் அதில் மோட்டர் விசிறி பூட்டக்கூடாது. உங்கள் கருவாட்டுக் குழம்பு மேல்வீட்டுக் குளியலறையில் மணக்கும், பிறகு எனக்குத்தான் தொலைபேசி வரும். இத்தனை பேர் நிற்கிற நேரத்தில் பின்னேரம் யன்னல் பூட்டுகிற விதியை விட்டுவிடுங்கள். உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும். எல்லாம் திறந்து விட்டு, அன்றிரவு விடிய விடியக் காற்று விட்டால் சரி.

உங்கள் பத்தியை ஸ்காபரோவில் இருந்து வாசிக்கிறேன். 18ஆம் மாடி, தெற்கும் மேற்கும் கண்ணாடி. யன்னல் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காது, அது ரொறன்ரோச் சட்டம். வெளியே எதுவும் பூட்ட விடமாட்டார்கள். அப்பாவுக்கு 81 வயது, பகலில் தனியாக இருக்கிறார். — கனடா வாசகர்

உங்களுக்கு இந்தப் பத்தியில் எழுதினதில் பாதி உதவாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் யூலை இரவுகள் ஒஸ்லோவைவிட வெக்கை, ஈரப்பதமும் கூட. இரவு 22, 23க்குக் கீழே இறங்காத கிழமையில் திறந்த யன்னலால் சுவர் குளிராது. அந்தப் பத்து சென்ரிமீற்றர் பிள்ளைகளின் உயிருக்காக வைத்தது, கழற்றாதீர்கள்.

உள்ளே வெள்ளைப் பின்புறமுள்ள திரையைக் கண்ணாடிக்கு ஒட்ட, பக்கங்களில் இடைவெளி இல்லாமல் போடுங்கள். பல்கனி இருந்தால் தரையில் நிற்கிற ஒரு மறைப்பு, அல்லது அவரை படரவிட்ட சட்டி. பூட்டாமல் வைப்பதை அவ்வளவாகத் தடுக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்கு மேல் அப்பாவின் அறைக்கு ஏசி வேண்டும். நான் ஏசிக்கு வக்காலத்து வாங்குகிற ஆள் அல்ல. ஆனால் உங்கள் நாட்டிலேயே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 யூன் வெக்கையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 வீதம் வீட்டுக்குள் இருந்தவர்கள். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், நிறையப் பேர் தனியாக இருந்தவர்கள். அதற்குப் பிறகு அந்த மாகாணம் தன் கட்டடச் சட்டத்தை மாற்றியது: 2024 முதல் கட்டுகிற புது வீடுகளில் ஒரு அறையாவது 26 பாகையைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

பகல் ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுங்கள். "சுகமா" என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்லுவார். வெப்பமானியை வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக: மார்க்கீஸெ எப்போது சொல்லி வைப்பது? — இரண்டு பேர், ஒரே கேள்வி

பனி கிடக்கும்போது. பெப்ரவரியில் அளவு எடுக்க வந்தால் ஆள் தேத்தண்ணி குடித்து ஆறுதலாக அளப்பார். முதல் 28 பாகை நாளில் கூப்பிட்டால் செப்டெம்பரில் வருவார்.